கடைசி வரிசைக்காரர்களுக்கு நன்றி

அன்புள்ள கடைசி வரிசைக்காரர்களுக்கு,

நம் சான் ஹோசே ஷார்க்ஸ் ஐஸ் ஹாக்கி அணி 2024-25 சீசனையும், வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல். பட்டியலின் அடியிலேயே முடித்துவிட்டது. 82 ஆட்டங்களில் 20 வெற்றி, 52 புள்ளி. அதற்கு முந்தைய ஆண்டு 19 வெற்றி, 47 புள்ளி. இந்த இரண்டு ஆண்டுகளிலும் நானும் என் மகளும் அரங்கத்துக்கு வந்துகொண்டிருந்தோம் என்றால் அது உங்களால்தான். நேரில் சொல்ல வாயெடுத்த போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன். தமிழ் தெரியாதவர்களுக்கு மகள் படித்துப் பொருள் சொல்வாள்.

2023 அக்டோபர் கடைசியில் எனக்கு வேலை போனது. வீட்டுச் செலவுக் கணக்கில் நான் முதலில் அடித்தது, மாதத் தவணையில் வாங்கியிருந்த இரண்டு சீசன் டிக்கெட்டுகளை. யாருக்காவது கைமாற்றி விடலாம் என்று பார்த்தால் வாங்க ஆளில்லை. முந்தைய சீசனில் கோல் அடித்தும் கோலுக்கு உதவியும் தனியாளாக 101 புள்ளி எடுத்த நம் வீரர் எரிக் கார்ல்சனை ஆகஸ்டிலேயே பிட்ஸ்பர்க் அணிக்குக் கொடுத்தாயிற்று. அணி ஓர் ஆட்டம்கூட வென்றிருக்கவில்லை. நவம்பர் 2 அன்று வான்கூவரிடம் 10-1 என்று தோல்வி. இரண்டே நாளில் அதே பிட்ஸ்பர்க்கிடம் 10-2. இரண்டும் சொந்த அரங்கில். ஒரு காலத்தில் 200 ஆட்டங்களுக்கு மேல் தொடர்ந்து எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்த அரங்கம் அது. அந்தச் சனிக்கிழமை, ஐஸைக் கீறும் ஸ்கேட்டின் சத்தம் மேல்தளத்தில் இருந்த நமக்குத் துல்லியமாகக் கேட்டது.

அன்றைய இடைவேளையில்தான் மகள் பக்கத்து இருக்கைப் பாட்டியிடம், "இனி நாங்கள் வரமாட்டோம், அப்பாவுக்கு வேலை இல்லை" என்று சொல்லிவிட்டாள். நான் கூசிப்போய் ஐஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டி, நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன் வரிசை மாணவர்கள் இருவரையும், ஃப்ரீமான்ட் ஊர் அண்ணனையும் அழைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனீர்கள். திரும்பி வந்தபோது எங்கள் மீதித் தவணைகளை நான்கு பங்காகப் பிரித்திருந்தீர்கள். கால்ட்ரெயின் ரயிலில் பயணச் சீட்டுக்கே காசு எண்ணும் அந்த இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு பங்கு எடுத்தார்கள் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தம்பிகளே, அதை நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறது.

செவ்வாய்க்கிழமை, நவம்பர் 7. பிலடெல்ஃபியாவை 2-1 என்று வென்றோம். 11 ஆட்டங்கள் காத்திருந்து கிடைத்த முதல் வெற்றி. இரண்டு கைகளையும் சுறாவின் வாய்போல் விரித்து மூடி விரித்து மூடி, மறுநாள் மகளுக்குத் தோள்பட்டை வலி. அந்த வாரத்தில் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

அண்ணா, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் வழியை மாற்றிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினீர்கள். பெட்ரோலுக்குப் பணம் நீட்டினால் முகம் சிவந்தது. வண்டியில் வேலையைப் பற்றி நீங்களாக ஒரு நாளும் கேட்டதில்லை. நான் பேசிய நாளில் முழுவதும் கேட்டீர்கள். இப்போது நான் பார்க்கும் வேலைக்கு என் பெயரைச் சொன்னதும் நீங்கள்தான். அரங்கத்தில் எங்கள் பகுதி வாசலில் நின்று இருக்கை காட்டும் அம்மாவுக்கும் நன்றி. ஆட்டத்துக்கு முன் வீரர்கள் பயிற்சி எடுக்கும்போது மகளைக் கண்ணாடிச் சுவர்வரை கூட்டிப்போய் நிறுத்துவீர்களே, அதற்காகவே அவள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பச் சொல்வாள்.

வராமல் போனவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்று சிலர் ஏசும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. டிக்கெட், பார்க்கிங், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் என்று ஓர் இரவுக்கு ஆகும் செலவை அந்தக் குளிர்காலத்தில் நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். 2019க்குப் பிறகு பிளேஆஃப் என்ற கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுப் பக்கமே போகாத அணிக்கு அதைக் கொடு என்று எந்தக் குடும்பத்தையும் கேட்க முடியாது. நானும் போயிருப்பேன். நீங்கள் விடவில்லை.

பாட்டி, உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1992-93 சீசனில், அணி கௌ பேலஸ் என்ற பழைய அரங்கத்தில் ஆடிய காலத்தில், 11 வென்று 71 தோற்றதைக் கூடவே இருந்து பார்த்தவர் நீங்கள். அடுத்த சீசனில் அதே அணி டெட்ராய்ட்டை பிளேஆஃபில் வீழ்த்தியதை நீங்கள் சொல்லச் சொல்ல, மகள் அதை முருகன் சூரனை வென்ற கதைபோலக் கேட்டாள். 2024 அக்டோபரில் நம் அணியின் புது இளம் வீரர் மேக்லின் செலிப்ரினி தன் முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தபோது அவளைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். எதிரணி செயின்ட் லூயிஸ் பின்தங்கியிருந்து ஏறிவந்து கூடுதல் நேரத்தில் 5-4 என்று வென்றுவிட்டது. ஆனாலும் அடுத்த ஆட்டத்துக்கு வரும்போது செலிப்ரினியின் எண் போட்ட சட்டையோடு வந்தீர்கள். 71 தோல்விகளை உட்கார்ந்து பார்த்தவர் கையிலிருந்து 71 எண் சட்டை. அவள் அதைத் துவைக்கக்கூட என்னிடம் தருவதில்லை.

அடுத்த சீசனுக்கு எங்கள் இரண்டு இருக்கைகளுக்கும் பணம் கட்டிவிட்டேன். தம்பிகளே, உங்கள் இருக்கைகளுக்கான முதல் மூன்று தவணைகளும் கட்டியாயிற்று, மறுக்காதீர்கள். பாட்டி, முழங்கால் வலி என்று சொன்னீர்கள். அக்டோபரில் தனியாக மேலே ஏற வேண்டாம். கீழ்ப்படியில் நில்லுங்கள், மகள் வந்து கைபிடித்து அழைத்துப்போவாள்.

அன்புடன்,
உங்கள் வரிசையின் ஓர இருக்கைக்காரன்