எதிர்வீட்டு அக்காவின் நாலு குடம்

அப்பா நேற்று மதியம் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆட்டோவிலிருந்து இறங்கி இரண்டு படி ஏறினார், மூன்றாவது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே "கடையில ஒரு டீ சொல்லேன்" என்றார். டீக்கடை மூடி எத்தனை நாளாகிறது என்று அவருக்குத் தெரியாது. கொரோனா வந்து 23 நாள் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருந்தவர். அந்த நாட்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. இந்த 2021 மே மாதம் எப்படிப் போனது என்று யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், மனசு ஆறிப்போவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

முதலில் எதிர்வீட்டு அக்கா.

அவர்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பது தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். 2019 கோடையில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் காய்ந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அப்போது ஆரம்பித்த சண்டை. லாரி வந்தால் வீட்டுக்கு ஆறு குடம் என்று தெருவில் பேசி வைத்திருந்தோம். அக்கா ஏழாவதாக ஒரு கறுப்புக் குடத்தை நுழைத்துவிட்டார் என்று அம்மா சொன்னார், இல்லவே இல்லை என்று அக்கா சொன்னார், அப்புறம் இரண்டு பேரும் சொன்னதை எல்லாம் இங்கே எழுத முடியாது. அதோடு இரண்டு வருஷம் முகம் பார்க்கவில்லை. எதிரெதிர் வாசல், ஒரே நேரத்தில் கோலம் போடுவார்கள், தலையைத் தூக்க மாட்டார்கள்.

அப்பாவைக் கொண்டுபோன அன்று எங்கள் கதவில், யாரும் வெளியே வரக்கூடாது என்று மாநகராட்சி ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அம்மா, நான், தம்பி மூன்று பேரும் உள்ளே. மளிகைக்கு ஆள் சொல்லலாம், மருந்துக்குச் சொல்லலாம், தண்ணீருக்கு யாரிடம் சொல்வது? நாங்கள் தொட்ட குடத்தை யார் தொடுவார்கள்? அன்று ராத்திரி பானையில் மிச்சமிருந்ததைக் காய்ச்சி ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம்.

மறுநாள் காலையில் கேட்டில் குச்சியால் தட்டுகிற சத்தம். "யக்கா, தண்ணி வச்சிகிறேன். நான் அந்தாண்ட போனப்புறம் கதவத் தொற." எட்டிப் பார்த்தால் படியில் நாலு குடம், மேலே தட்டுப் போட்டு மூடி. நாலும் எதிர்வீட்டு அக்காவின் குடம். ஓரத்தில் அந்தக் கறுப்புக் குடமும் இருந்தது. அம்மாவுக்குத்தான் முதலில் அடையாளம் தெரிந்தது, ஒன்றும் பேசாமல் அதை மட்டும் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு நாள் கூத்து என்றுதான் நினைத்தேன். காலிக் குடங்களை வாசலில் வைக்கச் சொன்னார், சோப்புத் தண்ணீர் விட்டு அலசி எடுத்துப்போய் லாரி வந்ததும் நிரப்பிக்கொண்டு வந்தார், ஸ்டிக்கரைக் கிழிக்கிற வரைக்கும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. இத்தனைக்கும் அவர்கள் வீட்டில் ஆறு பேர். நாலு குடம் எங்களுக்கு வந்துவிட்டால் மிச்சம் மூன்றே குடம், அதை வைத்துக்கொண்டு லாரிக்கும் வீட்டுக்குமாக எத்தனை நடை ஓடினார் என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுத்துச் சம்பாதிக்கிறவர். ஏப்ரல் 15லிருந்து மீன்பிடித் தடைக்காலம் வேறு, விசைப்படகு கடலுக்குப் போகவில்லை, கையில் காசு இருந்திருக்காது. ஒரு நாள் எங்கள் குடங்களுக்கு நடுவில் சின்ன தூக்கில் கருவாட்டுக் குழம்பும் இருந்தது. எனக்கு அப்போது வாசனையே தெரியவில்லை, அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

இன்னும் எத்தனையோ பேர். நோன்பு பிடித்துக்கொண்டே அந்த வெயிலில் எங்களுக்காக மருந்துக்கடை வாசலில் நின்ற பள்ளிவாசல் தெருப் பையன்கள், அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு காசு வாங்காமல் போன ஆட்டோ அண்ணன், கவச உடைக்குள் வேர்த்து ஊற்ற தன் போனிலேயே அப்பாவின் முகத்தைக் காட்டிய நர்ஸ் அக்கா, தினமும் வாசலில் நின்று ஆக்சிஜன் அளவு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டு போன காய்ச்சல் கணக்கெடுக்கும் பெண், எங்கள் குப்பையைத் தனியாக வாங்கிப்போன தூய்மைப் பணியாளர்கள், கபசுர குடிநீர் கொடுத்தவர்கள். பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாதது என் தப்பு. கண் மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, பாதிப் பேரை மாஸ்க் இல்லாமல் பார்த்தால் எனக்குத் தெரியாது.

வெளியிலிருந்து வருகிறவர்கள் எங்கள் பக்கத்தைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று தெரியும். ரவுடி ஏரியா, நெரிசல், அங்கேயிருந்துதான் பரவுகிறது. போன வருஷம் ராயபுரம் மண்டலத்தின் எண்ணிக்கையைத் தினமும் செய்தியில் சொன்னபோது வேலை செய்கிற இடத்தில் என்னைத் தள்ளி உட்கார வைத்தார்கள். நெரிசல்தான், ஒத்துக்கொள்கிறேன். எதிர்வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் இந்த வீட்டுக்குத் தெரிகிற அளவுக்கு நெரிசல்.

நாலு குடத்தையும் நேற்று மாடியில் வெயிலில் காயவைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அம்மாவும் கூட வந்தார். அந்தப் பழைய சண்டைக்கு ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன், சொல்லவில்லை. "உனக்கு ஏழு குடம்தான் கணக்கு, நான் தெருவுல சொல்லிட்டேன்" என்றார். அக்கா சிரித்துவிட்டு, "அப்ப நாளைக்கு வரிசையில நீ வந்து நில்லு, என் முட்டி போச்சு" என்றார்.

அம்மாவைப் போகவிடப் போவதில்லை. காலையில் லாரிக்கு நான்தான் போகிறேன், பதின்மூன்று குடத்தோடு.