அந்தப் பாதைகள் தானாக உருவாகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பிரான்ஸ் மலைச் சைக்கிள் பயணக் கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். பக்கத்தைத் திறந்து அவல்லோன் என்ற பெயரைப் பார்த்ததும் அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டு, "நம்ம ஊர் வந்திருக்கு, வந்து பாரேன்" என்று காட்டினேன். நான் புதுச்சேரிக்காரன். 19 வருடமாக அவல்லோனுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறேன். தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் எங்கள் மொர்வான் காடு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்தச் சந்தோஷம் இரண்டாவது பத்தி வரைதான் இருந்தது.

"மனிதக் கை படாத இந்தக் காடுகளில் பாதைகள் தானாகவே உருவாகிக் கிடக்கின்றன" என்று எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மிகைப்படுத்தவில்லை ஐயா. போன மார்ச் மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர் சைக்கிள் சங்கத்து ஆட்கள் ஏழு பேர், எனக்கு 58 வயது, அதில் நான்தான் சின்னவன், கைரம்பமும் மண்வெட்டியும் தூக்கிக்கொண்டு கூஸான் ஆற்றுச் சரிவில் 3 கி.மீ. பாதையைச் சீர்செய்தோம். முட்கொடி கையுறையையும் தாண்டிக் குத்தும். ஒரு கோடைக்காலம் விட்டுவிட்டால் போதும், பெரணியும் முள்ளும் சேர்ந்து இடுப்பு உயரத்துக்கு மூடிவிடும், அங்கே பாதை இருந்ததென்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மழைத்தண்ணீர் சமாசாரம் வேறு இருக்கிறது. சரிவில் தண்ணீர் பாதையோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தால் இரண்டே குளிர்காலத்தில் பாதை ஓடையாகிவிடும். அதனால் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றாகக் குறுக்கே சாய்வாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரைப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிடுவோம். இறக்கத்தில் பின்சக்கரத்தை இறுகப் பிடித்துச் சறுக்கிக்கொண்டு போகிறவர்கள் போடும் ஒரு கோடு போதும், அடுத்த மழைத்தண்ணீர் வாய்க்காலை விட்டுவிட்டு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் தானாக உருவானதா?

"மனிதக் கை படாத காடு" என்பதும் தவறு. பாரிஸ் நகரத்து அடுப்புகளுக்கு விறகு போனது இந்தக் காட்டிலிருந்துதான். 16-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே மரம் வெட்டி, க்யூர் ஆற்றிலும் யோன் ஆற்றிலும் மிதக்கவிட்டுத் தலைநகருக்கு அனுப்பினார்கள். மொர்வானின் மாட்டுவண்டிக்காரர்களுக்கு கால்வாஷே என்று தனிப் பெயரே உண்டு. பிறகு பழைய பீச், ஓக் மரங்களை அழித்துவிட்டு டக்ளஸ் என்ற ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். கட்டுரையில் முழுப்பக்கப் படமாக வந்திருக்கிறதே, ஒரே உயரத்தில் கம்பம் நட்டாற்போல நிற்கும் மரங்கள், அது வெட்டி விற்பதற்காக மனிதர் நட்ட தோப்பு ஐயா. அதன் கீழேயா "ஆதி வனம்" என்று போடுவது?

படங்களைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். மரத்தில் வெள்ளையும் சிவப்பும் இரண்டு கோடு தீட்டியிருக்கும் படத்துக்கு "சைக்கிள் பாதைக் குறி" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடப்பவர்களுக்கான நெடும்பாதைக் குறி. சைக்கிளுக்கு ஒரு முக்கோணமும் இரண்டு வட்டமும் இருக்கும். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறத்தை வைத்துப் பாதை எவ்வளவு கடினம் என்று தெரிந்துகொள்ளலாம். உங்கள் படத்தை நம்பி ஒருவர் சைக்கிளோடு நடைபாதையில் ஏறினால், எதிரே பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் கிழவிதான் ஒதுங்க இடமில்லாமல் நிற்க வேண்டும்.

இன்னொரு படத்தில் ஒருவர் ஓடைக்குள்ளேயே சைக்கிளை விட்டுத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போகிறார். பார்க்க அழகுதான். ஆனால் எங்கள் கூஸானில் நன்னீர் முத்துச்சிப்பி இருக்கிறது, சட்டம் போட்டுப் பாதுகாக்கும் இனம், ஆற்றுப் படுகையில் 100 வருடம்கூட உயிரோடு இருக்கும். அதன் குஞ்சுகள் முதலில் ட்ரவுட் மீனின் செவுளில் ஒட்டி வளர்ந்து, அப்புறம் கீழே விழுந்து சுத்தமான மணலுக்குள் புதைந்து வருடக்கணக்கில் கிடக்கும். மேலே சேறு படிந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். மொர்வான் வட்டாரப் பூங்காக்காரர்கள் இந்தச் சிப்பிக்காகவே ஆற்றில் வேலை செய்கிறார்கள். நாங்கள் ஓடை வந்தால் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மரப்பாலத்தில் நடப்போம். பாலம் இல்லாத இடத்தில் சுற்றிக்கொண்டு போவோம்.

எனக்கு அதிகம் வலித்தது எதுவென்றால், "வேலிகள்கூடத் திறந்தே கிடக்கும், கேட்பார் இல்லை" என்ற வரி. பிரான்சில் காட்டில் முக்கால் பங்கு தனியாருக்குச் சொந்தம். பாதைக்குக் குறி வைப்பதற்கு முன் ஒவ்வொரு நிலத்துக்காரர் வீட்டுக் கதவையும் தட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். வெள்ளை ஷாரோலே மாடு வளர்க்கும் ஒரு அம்மாவிடம் சம்மதம் வாங்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. கடைசியில், "வேலியைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள், வேறு எதுவும் வேண்டாம்" என்றார். அது மின்கம்பி வேலி. நுனியில் பிளாஸ்டிக் பிடியும் கொக்கியும் இருக்கும். பிடியைப் பிடித்துக் கழற்றி, அந்தப் பக்கம் போய்த் திரும்ப மாட்டினால் முடிந்தது, கால் நிமிட வேலை. நான்கு வருடம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பிறகு ஒரு ஆகஸ்ட் மாதம் யாரோ கழற்றிய கம்பியைப் புல்லிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். மாடுகள் தார்ச்சாலைக்கு வந்துவிட்டன. ஒரு கன்றுக்குக் கால் ஒடிந்தது. மன்னிப்புக் கேட்கப் போன என்னிடம் அந்த அம்மா கோபப்படவில்லை. கன்றை ஏற்றிக்கொண்டு போன இடத்தைக் காட்டி, "இனி வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அத்தோடு அந்தப் பாதை போயிற்று. இப்போது எங்கள் பிள்ளைகள் 2 கி.மீ. லாரி ஓடும் சாலையில் மிதித்துத்தான் அடுத்த காட்டுக்குள் போக வேண்டியிருக்கிறது. "கேட்பார் இல்லை" என்று நீங்கள் அச்சடித்ததைப் படித்துவிட்டு வருகிறவர் கம்பியை மாட்டுவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தனியார் இடம் என்று பலகை வைத்திருந்தால் நுழைவதே குற்றம். 2023 பிப்ரவரியில் வந்த சட்டப்படி அபராதம் 135 யூரோ.

வேட்டைக்காலத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. "இலையுதிர்காலமே சிறந்த பருவம்" என்று மட்டும் இருக்கிறது. செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை இங்கே துப்பாக்கி வேட்டை நடக்கும். 2018 அக்டோபரில் ஆல்ப்ஸ் பக்கம், ஓத்-சவுவா பகுதியில், மலைச் சைக்கிளில் வந்த ஒருவர் வேட்டைக்காரரின் குண்டு பட்டு இறந்தார். ஒரு நவம்பர் காலை மூடுபனிக்குள் நானே துப்பாக்கி வரிசையின் நடுவில் போய் நின்றிருக்கிறேன். பாதை முகப்பில் வைத்திருக்க வேண்டிய அறிவிப்புப் பலகையை அன்று யாரும் வைக்கவில்லை. முதலில் நாயின் கழுத்து மணிதான் கேட்டது. என் ஆரஞ்சு மேற்சட்டையைப் பார்த்துவிட்டு ஒருவர் கையை உயர்த்தி மற்றவர்களை நிறுத்தினார். கறுப்புச் சட்டையில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

இது முதல் தடவையாக இருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். 2024 ஒலிம்பிக்கின்போது, பொலின் ஃபெரோன்-பிரேவோ மலைச் சைக்கிளில் தங்கம் வென்றதை "பாரிஸ் வீதிகளில் சீறிய சைக்கிள்" என்று வெளியிட்டீர்கள். அந்தப் போட்டி நடந்தது எலாங்கூர் குன்றில், பழைய கல்குவாரியும் குப்பைமேடுமாக இருந்த இடத்தில். அன்று குடும்பத்தோடு அங்கே போய் வேலி ஓரம் நின்று பார்த்தவன் நான். அதை எழுதி அனுப்பினேன், பதில் இல்லை. அதற்கு முன் ஒருமுறை நான் எழுதிய கடிதத்தில் பாராட்டிய இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு, தவறைச் சுட்டிய மீதியை வெட்டிவிட்டீர்கள். இடமில்லை என்று நினைத்துக்கொண்டேன். புதுச்சேரியில் என் அப்பா வாங்கிய பத்திரிகை இது. இங்கே தபாலில் இரண்டு வாரம் தாமதமாக வந்தாலும் சந்தாவை நான் நிறுத்தியதில்லை. வெளிநாடு என்றாலே அழகான படமும் ஆளில்லாத காடும் போதும் என்று நீங்களும் நினைத்துவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம். கட்டுரை முழுக்கத் தேடினேன், அந்த ஊர்க்காரர் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பியேர்-பெர்த்துயி கிராமத்துப் பாலத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியவர், அங்கே ஒருவரிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் இத்தனை தவறு வந்திருக்காது.

கட்டுரையாளர் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. இறக்கத்தில் காற்று காதில் இரைவதையும் ஈர மண் வாசனையையும் நன்றாகவே எழுதியிருக்கிறார். அடுத்த தடவை வந்தால் எங்கள் வீட்டில் தங்கட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு கைரம்பம் பிடிக்கட்டும்.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் ஒரு கட்டம் கட்டி நான்கு வரி போடுங்கள்: சைக்கிளுக்கான குறி முக்கோணமும் இரண்டு வட்டமும், வேலியைத் திறந்தால் மூட வேண்டும், ஓடைக்குள் சைக்கிளை இறக்கக் கூடாது, செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு, அன்றைக்கு எங்கே வேட்டை என்று அந்த ஊர் மேரியில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், விசாரித்துவிட்டுப் புறப்பட வேண்டும். வெள்ளை-சிவப்புக் கோட்டுப் படத்துக்குத் திருத்தமும் வேண்டும். எங்கள் பாதைக் குறியின் படம் இரண்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், இலவசமாகவே பயன்படுத்திக்கொள்ளலாம். இந்தத் தடவை கடிதத்தை வெட்டாமல் போட்டால் நன்றி.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
அவல்லோன் அருகே, பிரான்ஸ்