ரேயோமூர் அளவைத் தவறாக மாற்றும் உங்கள் செயலி: திருத்தம் கோரிப் புகார்

அனுப்புநர்:
பழைய வானிலைப் பதிவேடுகளைப் படியெடுக்கும் தன்னார்வலர்கள்,
ரோஸ் ஹில், மொரிசியசு.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, சென்னை.

பொருள்: வெப்பநிலை மாற்றுச் செயலியிலும் சுவர் அட்டவணையிலும் உள்ள பிழைகள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்களிடம் வாங்கிய வெப்பநிலை மாற்றுச் செயலியும் அதனுடன் வந்த 12 சுவர் அட்டவணைகளும் தவறான விடை தருகின்றன. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் சின்னப் பிசகு என்றால் எழுதியிருக்க மாட்டோம். சூத்திரமே தவறு. எந்த எண்ணைக் கொடுத்தால் என்ன வருகிறது, என்ன வந்திருக்க வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறோம். உங்கள் நிரலாளர் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சரிசெய்துவிடலாம்.

1810 வரை இந்தத் தீவு பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அக்காலத்து வெப்பக் குறிப்புகள் ரேயோமூர் என்ற பழைய பிரெஞ்சு வெப்பநிலை அளவில் இருக்கின்றன. ஆங்கிலேயர் வந்த பின் ஃபாரன்ஹீட். 1851ல் தொடங்கிய வானிலையியல் சங்கமும், பின்னர் பாம்பிள்மூஸில் எழுந்த ராயல் ஆல்ஃபிரட் ஆய்வகமும் அந்தக் காலத்தவை. இன்றைக்குச் செல்சியஸ். ஒரே ஊரின் வெயிலை மூன்று அளவுகோலில் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்றையும் ஒரே வரிசையில் கோத்தால்தான் அன்றைய கோடையை இன்றைய கோடையோடு ஒப்பிட முடியும். எங்களோடு படியெடுக்கும் பிள்ளைகள் தமிழிலேயே இதைச் செய்யட்டும் என்றுதான் உங்கள் செயலியை வாங்கினோம்.

பெரிய பிழை ரேயோமூரில். நீர் உறைவது 0, கொதிப்பது 80. செல்சியஸில் அதே இடைவெளி 100. ஆகவே ரேயோமூர் எண்ணை 5ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் செல்சியஸ். உங்கள் செயலி 4ஆல் பெருக்கி 5ஆல் வகுக்கிறது. அது செல்சியஸிலிருந்து ரேயோமூருக்குப் போகும் வழி. ஜனவரி நண்பகலில் போர்ட் லூயிஸில் 24 ரேயோமூர் என்றால் 30 செல்சியஸ், 86 ஃபாரன்ஹீட். செயலி 19.2 என்கிறது. அந்த எண் பார்வைக்கு நம்பும்படி இருப்பதுதான் ஆபத்து. ஜூலை மாதத்துக் கியூர்ப்பிப் மேட்டுநிலத்துக்கு 19.2 பொருந்தும், அதனால் படியெடுப்பவர் சந்தேகப்படாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார். 80 என்று போட்டுப் பார்த்திருந்தால் 64 வந்திருக்கும், பிழை அப்போதே தெரிந்திருக்கும். வெளியிடுமுன் ஒருவராவது கொதிநிலையைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?

இரண்டாவது, பெயர்க் குழப்பம். பட்டியலில் "ரோமர்" என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர், மற்றது டென்மார்க்கின் ரோமர். இருவரும் வேறு, அளவும் வேறு: ரோமரில் நீர் உறைவது 7.5, கொதிப்பது 60. தமிழில் ஒரே எழுத்தில் எழுதிவிட்டால் பயன்படுத்துபவர் எதைத் தொடுவது? இப்போதைக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி, 0 கொடுத்துப் பார்ப்பது: விடை 0 என்றால் ரேயோமூர், கழித்தல் 14.3 என்றால் ரோமர். வாடிக்கையாளர் இப்படித் தடவிப் பார்க்கும் நிலை கூடாது. சுவர் அட்டவணையில் இது இன்னும் மோசம். ரேங்கின் என்ற இன்னொரு வெப்பநிலை அளவையும் சேர்த்து மூன்றுக்கும் 'ஆர்' என்ற ஒரே எழுத்தைத் தலைப்பாக அச்சிட்டிருக்கிறீர்கள்.

மூன்றாவது பிழையை அதிகம் பேர் கவனிக்க மாட்டார்கள். எங்களுக்கு அதிக நாள் வீணானது இதனால்தான். வெப்பநிலையும் வெப்பநிலை வேறுபாடும் ஒன்றல்ல. ஃபாரன்ஹீட் காலப் பதிவேடுகளில் அன்றைய உச்சம், தாழ்வு ஆகியவற்றோடு இரண்டுக்கும் உள்ள வீச்சுக்கும் தனிப் பத்தி உண்டு. வீச்சு 12 ஃபாரன்ஹீட் என்றால் செல்சியஸில் 6.7, 32ஐக் கழிக்கவே கூடாது, 5/9ஆல் பெருக்கினால் போதும். செயலி 32ஐக் கழித்துவிட்டு, கழித்தல் 11.1 என்கிறது. வீச்சு ஒருபோதும் சுழியத்துக்குக் கீழே போகாது. "அளவீடு", "வேறுபாடு" என்று இரண்டு பொத்தான் வையுங்கள். வேறுபாட்டில் பெருக்கும் எண் மட்டும் வேலை செய்யட்டும்.

நான்காவது, தெலீல் என்ற பழைய அளவு. அது கீழ்நோக்கி ஓடுவது: கொதிநிலை 0, உறைநிலை 150. செயலி வெறுமனே 2/3ஆல் பெருக்குகிறது, 150 போட்டால் 100 வருகிறது. அந்தப் பெருக்கத்தை 100லிருந்து கழிக்க வேண்டும். 1742ல் செல்சியஸ் முதலில் வகுத்ததும் அப்படித்தான், கொதிநிலை 0, உறைநிலை 100, பிறகுதான் புரட்டினார்கள். உங்கள் அட்டவணையின் வரலாற்றுக் குறிப்பு அவரே உறைநிலையை 0 என வைத்ததாகச் சொல்கிறது. திருத்துங்கள்.

கெல்வினில் செயலியும் அட்டவணையும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. செயலி 273ஐக் கூட்டுகிறது, அட்டவணை 273.16. கூட்ட வேண்டியது 273.15. 273.16 கெல்வின் என்பது நீரின் மும்மைப் புள்ளி, அதாவது பனி, நீர், ஆவி மூன்றும் சேர்ந்திருக்கும் நிலை, செல்சியஸில் 0.01. அதற்கு மேல், செயலி இடையிலேயே முழு எண்ணாக்கிவிடுகிறது: 86.4 ஃபாரன்ஹீட்டை 30 ஆக்கி, 303 கெல்வின் என்று முடிக்கிறது. சரியான விடை 303.37. கணக்கு முடிந்த பிறகுதான் முழுமையாக்க வேண்டும். கழித்தல் 300 செல்சியஸ் கொடுத்தாலும் மறுக்காமல் விடை தருகிறது. தனிச்சுழியத்துக்குக் (கழித்தல் 273.15 செல்சியஸ்) கீழே எண்ணே கிடையாது, அங்கே எச்சரிக்கை வர வேண்டும். "டிகிரி கெல்வின்" என்ற சொல்லையும் நீக்குங்கள், 1967லேயே கைவிட்டது அது.

சூத்திரம் சரியான பிறகும் ஒரு வேண்டுகோள் உண்டு. ரேயோமூர் 1730ல் வகுத்த கருவி சாராயம் நிரப்பியது. பனி உருகும் நிலையில் இருக்கும் சாராயத்தின் பருமனை 1000 பங்காக்கி, ஒரு பங்கு விரிவை ஒரு டிகிரி என்றார். பாதரசத்தில் 80 பிரிவு வைக்கும் கருவி பரவியது ஜெனீவா அறிஞர் தெலுக்கினால், பின்னாளில். சூடு ஏற ஏறச் சாராயம் கூடுதலாக விரியும். ஆகவே இரண்டு முனையும் ஒத்திருந்தாலும் நடுவில் சாராயக் கருவி பாதரசத்தைவிடக் குறைத்துக் காட்டும். எங்கள் தீவின் வெப்பமெல்லாம் அந்த நடுப்பகுதியில்தான். பதிவேட்டில் எந்தக் கருவி என்ற குறிப்பு இல்லாவிட்டால் 5/4 தரும் விடை தோராயமே. கால் டிகிரி வரை கண்ணால் படித்த எண் அது, கால் ரேயோமூர் 0.3 செல்சியஸ். அதற்கு ஐந்து தசம இடம் காட்டினால், இல்லாத நுட்பத்தைப் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். ஓர் இடம் போதும்.

திருத்திய பின் இந்த எண்களைப் போட்டுச் சோதியுங்கள். ரேயோமூர் 80 கொடுத்தால் செல்சியஸ் 100. கழித்தல் 32 கொடுத்தால் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் இரண்டுமே கழித்தல் 40. செல்சியஸில் தெலீல் 150க்கு 0, நியூட்டன் அளவில் 33க்கு 100, ரோமர் 60க்கு 100, ரேங்கின் 491.67க்கு 0. ஒரு முனை மட்டும் பொருந்தினால் போதாது. ரேயோமூரில் 0 கொடுத்தால் இப்போதைய பிழைச் சூத்திரமும் 0 என்றுதான் சொல்கிறது.

30 நாளுக்குள் திருத்திய செயலியை அனுப்புங்கள். 12 அட்டவணைகளுக்குப் பதில் புதியவை வேண்டும். ஒட்டுத்தாள் திருத்தம் வேண்டாம், சுவரில் அது நிற்காது. முடியாவிட்டால் முழுத் தொகையையும் கப்பல் கட்டணத்தையும் திருப்பித் தரவும். இதே செயலியை வாங்கிய மற்றவர்களுக்கும் நீங்களே அறிவிக்க வேண்டும், ஏற்கெனவே மாற்றி எழுதிய ரேயோமூர் எண்களை 25/16ஆல் பெருக்கினால் சரியாகிவிடும் என்று. 19.2ஐப் பெருக்கிப் பாருங்கள், 30 வரும்.

இப்படிக்கு,
தன்னார்வலர் குழுவினர்,
ரோஸ் ஹில்.

இணைப்பு: பிழை விடைகளின் திரைப்பிடிப்புகள், வாங்கிய ரசீதின் நகல்.