கோழி ரகம் உருவாக்குற சயின்டிஸ்ட்டுங்களுக்கு குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு லெட்டர்

ஐயாமாரே, அம்மாமாரே, வணக்கம்.

வூட்டாண்ட சிறுவிடை நாட்டுக்கோழி வளக்கற ஆளு நானு. போன பங்குனில எங்க தெருவுல வெள்ளக் கழிச்சல், அதான் ராணிக்கெட் நோய், பூந்துச்சு, கழுத்த திருகிக்கினு ஒண்ணொண்ணா வுழுந்துது, முப்பத்திரெண்டுல மிஞ்சினது ஒம்போது. ஊசி போடலியான்னு கேப்பீங்க, மாசி மாச முகாம்ல பெருசுங்களுக்கு எல்லாம் போட்டாச்சு, அப்புறம் பொறிச்ச குஞ்சுங்களுக்கு தான் போடல. ஆனா ஊசி போட்டதுலயும் சிலது போச்சு, போடாத குஞ்சுல சிலது நின்னுச்சு. அந்த ஒம்போதுல ஏழு ஒரே கருப்பு பொட்டையோட குஞ்சுங்க. சந்தையில வெயிட்டு பாத்து வாங்கின பெரிய ஒடம்பு ஜாதி ஒண்ணு கூட தேறல. ஒரு வூட்டு கதைய வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது, அது எனக்கும் தெரியும்.

(ராணிக்கெட் நோய்னா ராணிப்பேட்டையில இருந்து வந்த பேருன்னு எங்கப்பா கடைசி வரைக்கும் நெனச்சினு இருந்தாரு. ராணிக்கெட்டுன்றது உத்தரகாண்ட் மலை ஊரு, ராணிப்பேட்டையில 1932ல ஆரம்பிச்ச இன்ஸ்டிடியூட் அந்த நோய்க்கு தடுப்பூசி தயாரிக்குது.)

தங்கச்சி பையன் வெட்னரி படிக்கறான், ஒரே தாயோட குஞ்சுங்க தாங்கிச்சுன்னு அவன் கிட்ட சொன்னா சிரிக்கல, இது பழைய விஷயம் மாமான்னான். கோழியோட 16வது குரோமோசோம்ல எதிர்ப்பு சக்திக்கான ஜீன் கூட்டம் ஒண்ணு இருக்குதாம், அதுல பி21 வகை இருக்கற கோழி மாரெக்ஸ்னு கட்டி வந்து சாகடிக்கற வைரஸ் நோய நல்லா தாங்குது, பி19 தாங்கறதில்ல. சரி, அப்ப ரத்தம் பாத்து பிரிச்சிட்டா முடிஞ்சுதுன்னு பாத்தா அதுவும் இல்ல, அமெரிக்காவுல மிச்சிகன்ல வளத்த 6, 7ன்னு ரெண்டு லைனுக்கும் (லைன்னா தனியா பிரிச்சு வளக்கற வம்சம்) அந்த ஜீன் கூட்டம் ஒரே வகை தான், ஆனா ஒண்ணு மாரெக்ஸ தாங்குது இன்னொண்ணு சாவுது. மத்த ஜீனும் வேலை பண்ணுதுன்னு அர்த்தம்.

என்ன ரொம்ப யோசிக்க வச்சது அமெரிக்காவுல வர்ஜீனியாவுல நடந்த கதை தான். ஆட்டு ரத்த அணுவ ஊசியா போட்டு, ஆன்டிபாடி (வெளி ஆள எதிர்க்க ரத்தத்துல ஊறற பொருளு) நெறைய வர்ற கோழிய ஒரு பக்கம், கம்மியா வர்றத ஒரு பக்கம்னு தலைமுறை தலைமுறையா பிரிச்சு வளத்தாங்க. கம்மி பக்கம் ஒடம்பு பெருசாச்சு, அதிக பக்கம் சிறுசாச்சு. தீனி ஒடம்புக்கு போவுதா, நோயோட சண்ட போடவா, ரெண்டுத்துக்கும் சேந்து பத்தறதில்ல போல. அந்த ஆன்டிபாடி அதிகமா வர்ற ஜாதியும் ராணிக்கெட்ட தாங்கினாலும் ஈ.கோலை மாதிரி கிருமிக்கு சுலபமா மாட்டிக்குதாம், அதனால எல்லா நோயையும் தாங்கற கோழிய குடுங்கன்னு நா கேக்க மாட்டேன்.

நா கேக்கறது இது தான். வெயிட்டு, முட்டை எண்ணிக்கைன்னு நோட்டீஸ்ல போடறீங்க, ஊசி போட்டப்புறம் எந்த லைனுக்கு எவ்ளோ ஆன்டிபாடி வருது, கழிச்சல் வந்தா எவ்ளோ மிஞ்சுதுன்னும் அதே நோட்டீஸ்லயே போடுங்க. அப்புறம், நோய் வந்து போன ஊருக்கு வந்து செத்தத மட்டும் எண்ணாம மிஞ்சினதையும் பாருங்க, அதோட அம்மா யாருன்னு வூட்டு பொம்பளைங்கள கேளுங்க, கரெக்டா சொல்லுவாங்க, அதுல இருந்து லைன் எடுங்க.

என் கருப்பு பொட்டை இப்ப அடையில உக்காந்திருக்குது, பன்னெண்டு முட்டை. ரத்தம் எடுக்கணும்னா மத்த ஏழையும் புடிச்சு தர்றேன், காலைல ஆறு மணிக்குள்ள வாங்க, தொறந்து வுட்டுட்டா சாயங்காலம் வரைக்கும் யாராலயும் புடிக்க முடியாது.