நீல நோட்டில் சுரண்டிய இடம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே நலம். நீ, மருமகள், பேத்தி மூவரும் நலமாக இருக்கப் பிள்ளையார்பட்டியானை வேண்டிக்கொள்கிறேன். ஆத்தாளுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. போனில் பேச ஆரம்பித்தால் "சரி அப்பச்சி, வைக்கட்டுமா" என்று சொல்லிவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடு. இரவு கண் விழிக்காதே.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாய். பக்கத்தில் குக்கர் விசில் கேட்டது. அதற்கு முந்திய வாரமும் அப்படித்தான். பெங்களூரில் ஏதோ உள்ளூர் விடுமுறை போலிருக்கிறது என்று ஆத்தாளிடம் சொல்லிவைத்தேன். அவள் நம்பிவிட்டாள்.

பள்ளியில் ஒரு நல்ல செய்தி. என்னிடம் படித்த பெண்தான் இப்போது அங்கே சமூக அறிவியல் ஆசிரியை. வினாடி வினா அணியையும் அவளே பார்த்துக்கொள்கிறாள். சனிக்கிழமைதோறும் பிள்ளைகளை நம் வீட்டு முகப்புக்கு அழைத்து வருகிறாள். வெயில் நாளிலும் தரையின் ஆத்தங்குடிக் கல் குளிர்ச்சியாக இருக்கிறது, பிள்ளைகள் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய பஸ்ஸர் பெட்டி இன்னும் உழைக்கிறது. சிவப்பு பல்பை மட்டும் மாற்றினேன். போன மாதம் நடந்த போட்டியில் நம் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியைப் பற்றி ஒரு கேள்வி வந்ததாம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததையும், 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டியதையும், 1953இல் திறந்ததையும் கேட்காமலே அடுக்கிவிட்டாளாம். ஊர்க் கேள்வியில் கோட்டை விடக் கூடாது என்று எத்தனை வருடம் கத்தியிருப்பேன்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1983இல் வேலையில் சேர்ந்து 2014இல் ஓய்வு பெறும்வரை ஒரு வருடம்கூட அணி இல்லாமல் விட்டதில்லை. 1985இல் ராமநாதபுரம் மாவட்டம் பிரிந்தபோது ஒரு வினா விடை நோட்டையே முதலிலிருந்து எழுதினேன். 2006இல் புளூட்டோவைக் கோள் வரிசையிலிருந்து எடுத்தபோது, நீதான் முதலில் போன் செய்து "அப்பச்சி, ஒன்பதை அடித்துவிட்டு எட்டு என்று எழுதுங்கள்" என்றாய். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் உன் குரல்தான் கேட்கிறது. அப்போதெல்லாம் நீயாகவே போன் செய்வாய்.

அந்த நோட்டுகளை ஆசிரியைக்குக் கொடுப்பதற்காக இரண்டாங்கட்டு அலமாரியிலிருந்து இறக்கினேன். எல்லாவற்றையும் கொடுத்தேன், நீல நோட்டைத் தவிர.

மதுரைப் போட்டி உனக்கு நினைவிருக்கும். 1996. நீ ஒன்பதாம் வகுப்பு. "தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம்" என்று கேட்டதும் பொத்தானை அழுத்தி "தொட்டபெட்டா" என்றாய். அந்த ஒரு கேள்வியில் கோப்பை போனது. பஸ் நிலையத்தில் உன் கூட்டாளியை வைத்துக்கொண்டே, தெரியாமல் பொத்தானைத் தொடுகிறவன் முட்டாள் என்றேன். மேலூரில் பஸ் நின்றபோது வெள்ளரிப்பிஞ்சு வாங்கினேன். அந்தப் பையனுக்குக் கொடுத்தேன், உனக்குக் கொடுக்கவில்லை. திருப்பத்தூர் தாண்டி வீடு வந்து சேரும்வரை நீ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாய்.

அன்று இரவு நீங்கள் எல்லாரும் தூங்கிய பிறகு நீல நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தேழாம் பக்கம். "தென்னிந்தியாவின் உயரமான சிகரம் – தொட்டபெட்டா, 2,637 மீட்டர்." என் கையெழுத்து. தமிழ்நாடு என்று எழுத வேண்டிய இடத்தில் தென்னிந்தியா என்று எழுதியிருக்கிறேன். நீ என் நோட்டை அப்படியே மனப்பாடம் செய்து, அப்படியே சொல்லியிருக்கிறாய். பிளேடால் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் ஆனைமுடி, 2,695 என்று எழுதினேன். காலையில் உன்னிடம் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஆசிரியர் தவறு செய்தார் என்று தெரிந்தால் பிள்ளைகள் நோட்டை நம்பமாட்டார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம், தம்பி. வேறு பெயர் கிடையாது.

உனக்குத் தெரிந்திருக்கும் என்றே இப்போது தோன்றுகிறது. அத்தனை ஒழுங்காகப் படித்தவனுக்கு அந்த வரி எப்படி மறக்கும்? "உங்கள் நோட்டில் அப்படித்தான் இருந்தது" என்று ஒரு வார்த்தை நீ சொல்லவில்லை. அதற்குப் பிறகு படிப்பு, வேலை, கல்யாணப் பேச்சு எதுவாக இருந்தாலும், முடிவாகத் தெரிந்த பிறகுதான் வீட்டில் வாய் திறந்தாய். என் மகன் எதையும் உறுதியாகத் தெரியாமல் பேசமாட்டான் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேன். அந்தப் பழக்கம் எந்த பஸ்ஸில் உண்டானது என்று எனக்குத் தெரியும்.

பதில் தெரியாத விஷயத்தையும் அப்பச்சியிடம் சொல்லலாம். நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

மழைக்கு வளவில் நாலு இடத்தில் ஒழுகியது. ஓடு மாற்ற நம் குடும்பப் புள்ளிக்கு வரும் பங்கை ஓய்வூதியத்திலிருந்து கொடுத்துவிட்டேன். நீ பணம் அனுப்புவதைத் தை வரைக்கும் நிறுத்திவை. இங்கே தேவைப்படவில்லை. கார்த்திகை தீபம் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. பிள்ளையார் நோன்புக்கு மூவருமாக வாருங்கள், இந்த வருடமாவது நம் வீட்டில் சேர்ந்து, மாவில் ஏற்றிய நோன்பு இழையை எடுத்துக்கொள்ளலாம். பேத்தி ஆவாரம்பூவைப் பார்த்திருக்கவே மாட்டாள். நாலு நாள் கூடத் தங்குவதானாலும் தங்கு.

நீல நோட்டு என் மேசைமேல் இருக்கிறது. அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தால் சுரண்டிய இடம் நன்றாகத் தெரியும். வந்து பார்.

ஆத்தாளிடம் எதுவும் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பச்சி