ஜிஞ்ஜாவிலிருந்து ஒரு முவெபாலே (நன்றி)

அன்பு நண்பர்களுக்கு,

உகாண்டாவில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால், அந்தப் பக்கமாகப் போகிறவர்கள் "ஜெபாலே கோ" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். 'நீ செய்கிற வேலைக்கு நன்றி' என்று கிட்டத்தட்டப் பொருள். அந்த வேலையால் தனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்றாலும் சொல்வார்கள். உங்களுக்கு அதைச் சொல்லத்தான் இந்த மடல். ரொம்ப நாள் தள்ளிப் போட்டுவிட்டோம்.

எங்களிடம் திட்டம் என்று எதுவும் இருக்கவில்லை. உகாண்டாவின் ஜிஞ்ஜா நகரத்துக்கு ஆலை வேலைக்குப் போன நாலு பேர், அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பையன் பள்ளிக்கூட நேரத்தில் மஞ்சள் கேனில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தான். தொடக்கப் பள்ளிக்கு 1997 முதலே கட்டணம் கிடையாதே, ஏன் அனுப்பவில்லை என்று அவன் அம்மாவிடம் விவரம் தெரிந்தவர்கள் மாதிரிக் கேட்டோம். அவர் விரல்விட்டு எண்ணினார்: சீருடை, நோட்டு, மதியம் போஷோவுக்கும் (சோளமாவுக் களி) பீன்ஸுக்கும் காசு, பரீட்சைத் தாளுக்குக் காசு. வீட்டில் ஐந்து பிள்ளைகள். நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

முதலில் ஆறு பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளிச் செலவுகளைச் செய்தோம். முதல் வருடமே ஒரு முட்டாள்தனம். சென்னையில் நோட்டும் சீருடையும் வாங்கிப் பெட்டி பெட்டியாக அனுப்பினோம். உகாண்டாவுக்குக் கடல் கிடையாது. சரக்கு கென்யாவில் மொம்பாசாவில் இறங்கி, லாரியில் வர வேண்டும். வந்து சேர்ந்தபோது சரக்கின் விலையைவிடச் செலவு அதிகம். சீருடை ஒருவருக்கும் பொருந்தவில்லை.

சந்தையில் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்கா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "துணியை என்னிடம் கொடுத்திருக்கலாமே" என்றார். முதல் நன்றி அவருக்கு. வளர்கிற பிள்ளைகள் என்று ஓரத்தை நன்றாக மடித்துத் தைப்பார். வருடா வருடம் பிரித்து விட்டால் மூன்று வருடம் ஓடும்.

ஊரில் இருந்துகொண்டு மாதம் ஐந்நூறு ரூபாய் அனுப்பியவர்களுக்கு அடுத்த நன்றி. வரிச்சலுகைக்கு ரசீது தர முடியாது என்று முதலிலேயே சொல்லியும் அனுப்பினீர்கள். "நம்மூர்ப் பள்ளிக்கூடமே ஒழுகுது, ஆப்பிரிக்காவுக்கு எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நாங்கள் அங்கே இருந்தோம், அந்தப் பிள்ளைகள் கண்ணில் பட்டார்கள் என்பதைத் தவிர எங்களிடம் வேறு பதில் இல்லை. கேட்டவர் இன்று வரை ஒரு மாதமும் விடாமல் அனுப்புகிறார்!

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 2022 ஜனவரியில்தான் முழுதாகத் திறந்தன. உலகத்திலேயே அவ்வளவு நாள் மூடிக் கிடந்தது அங்கேதான். அந்தக் காலத்தில் இரண்டு ஆசிரியர்கள் பாடங்களைக் கையால் எழுதி நகலெடுத்தார்கள். ஒரு போடா போடா (வாடகை மோட்டார் சைக்கிள்) ஓட்டுநர் அந்தத் தாள்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெட்ரோலுக்கு மட்டும்தான் காசு வாங்கினார்.

அப்படியும் எல்லாரும் திரும்பவில்லை. மூன்று பெண்களில் இரண்டு பேரை இழந்தோம். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இன்னொருத்தி எங்கே போனாள் என்றே தெரியவில்லை. மூன்றாமவள் கைக்குழந்தையோடு வந்தாள். ஏழாம் வகுப்பு முடிவில் எழுதும் பொதுத்தேர்வுக்கு அவள் உட்கார்ந்திருந்தபோது, அவளுடைய பாட்டி பள்ளி வாசலில் மாமரத்தடியில் குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். தேர்வு முடிகிற வரை தினமும் வந்தார். நன்கொடைப் பட்டியலில் அந்தப் பாட்டியின் பெயர் கிடையாது. எங்கள் கணக்கில் முதல் வரி அவருடையது.

பிப்ரவரியில் அங்கே புதுப் படிப்பு வருடம் தொடங்குகிறது. பிள்ளைகளின் அளவு எங்கே என்று தையல் அக்கா இரண்டு முறை கேட்டுவிட்டார். இன்னும் நாங்கள் அனுப்பியபாடில்லை.

முவெபாலே ஞோ. ரொம்ப நன்றி.