எல்லோருக்கும் 90க்கு மேல்: கற்பித்தல் பயிற்சி மதிப்பெண் குறித்து ஒரு திறந்த மடல்

பி.எட். பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

பி.எட். மதிப்பெண் பட்டியலில் கற்பித்தல் பயிற்சிக்கு என்று ஓர் எண் அச்சாகிறது. அதை வைத்து, அந்தப் பட்டதாரி வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துவார் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. வேலைக்கு எடுக்கும் பள்ளிகளும் அதை நம்புவதில்லை. "ஒரு டெமோ கிளாஸ் எடுங்க, பார்ப்போம்" என்கின்றன. பி.எட். கல்லூரி சான்றளித்திருக்க வேண்டிய ஒரே விஷயத்தைப் பள்ளி தானே மறுபடி சோதித்துக்கொள்கிறது. இது எப்படி வந்தது, எங்கே சரிசெய்யலாம் என்று எழுதுகிறோம்.

மதிப்பெண்ணுக்கு முந்தைய காலத்தில் ஒரு கணம் நின்றுவிட்டு வருவோம். 1823இல் பெல்லாரி ஆட்சியர் கேம்பல் அன்றைய நாட்டுப் பள்ளிகளைப் பற்றி அனுப்பிய அறிக்கையில் ஒரு வழக்கத்தைக் குறிப்பிடுகிறார். காலையில் முதலில் வந்த பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழி; புகழவும் இல்லை, இகழவும் இல்லை என்று பொருள். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதன்பின் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்று கூடும். படிப்பை அளக்காமல் வருகையை அளந்தார்கள் என்று நாம் சிரிக்கலாம். ஆனால் கல்லூரியே போடும் அக மதிப்பெண்ணில் வருகைப்பதிவுக்கு இடம் ஒதுக்கும் நாம் அதிகம் சிரிக்கக் கூடாது.

1856இல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி தொடங்கியது. அதுதான் பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆனது. எல்.டி., பி.டி., பி.எட். என்று பட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்தப் பட்டங்களுக்கு ஒரு நல்ல மரபு இருந்தது. எழுத்துத் தேர்வுக்கு ஒரு வகுப்பு, செய்முறைக்கு ஒரு வகுப்பு என்று தனித்தனியாகவே கொடுத்தார்கள். தியரியில் இரண்டாம் வகுப்பு, பிராக்டிகலில் முதல் வகுப்பு என்று ஒருவர் இருக்கலாம். கல்வி உளவியலில் சுமாராக எழுதினாலும் வகுப்பறையில் கெட்டிக்காரர் என்று சான்றிதழே சொல்லிவிடும். எல்லாவற்றையும் ஒரே சராசரிப் புள்ளியாக உருட்டும் முறையில் முதலில் தொலைவது இந்தத் தகவல்தான்.

தொலைவதன் கணக்கு எளிது. ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வுக்கு 100, கற்பித்தல் பயிற்சிக்கு 100, தாளில் சரிபாதி. எழுத்துத் தேர்வில் மதிப்பெண்கள் 45 முதல் 85 வரை பரவியிருக்கின்றன. பயிற்சியில் எல்லோரும் 88க்கும் 94க்கும் இடையே நிற்கிறார்கள். மிக நன்றாகப் பாடம் நடத்தியவருக்கும் மிக மோசமாக நடத்தியவருக்கும் வித்தியாசம் 6. எழுத்தில் அதே வித்தியாசம் 40. கூட்டித் தரவரிசை போட்டால் எழுத்துத் தேர்வே கிட்டத்தட்ட முழுதாக வரிசையைத் தீர்மானிக்கும். விதிப்புத்தகத்தில் ஒரு பகுதிக்கு எத்தனை மதிப்பெண் ஒதுக்குகிறீர்கள் என்பதைவிட, அந்தப் பகுதியில் மதிப்பெண் எவ்வளவு பரவுகிறது என்பதுதான் அதன் உண்மையான எடை. பயிற்சிக்கு இன்னும் 50 மதிப்பெண் கூட்டலாம் என்ற யோசனை குழுக்களில் அவ்வப்போது வரும். எல்லோரும் 132க்கும் 141க்கும் இடையே நிற்பார்கள், அவ்வளவுதான்.

பரவாமல் போவதற்குக் காரணம் கல்லூரிகளின் தாராளம் மட்டுமில்லை. அந்த எண்ணின் மேல் ஒரு காலத்தில் வேலையையே தொங்கவிட்டோம். 2012இல் தமிழகத்தில் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் பின், பழைய படிப்பு மதிப்பெண்களையும் கூட்டி ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க வந்த வெயிட்டேஜ் முறையைப் பாருங்கள். பட்டதாரி ஆசிரியருக்கு மேல்நிலைப் படிப்பு 10, பட்டம் 15, பி.எட். 15, தகுதித் தேர்வு 60. இதைப் படிக்கட்டு போல வைத்தார்கள். பி.எட்.டில் 70 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 15. 50 முதல் 70க்குள் என்றால் 12. தகுதித் தேர்வில் 150க்கு 90 எடுத்தவருக்கும் 104 எடுத்தவருக்கும் ஒரே 42. 105 எடுத்தவருக்கு 48. 14 மதிப்பெண் வித்தியாசத்துக்கு மதிப்பே இல்லை, அடுத்த ஒரே மதிப்பெண்ணுக்கு 6 புள்ளி. இப்படி ஒரு படிக்கட்டு இருக்கும்போது 69 சதவீதத்தில் நிற்கும் மாணவரை 70க்கு ஏற்றிவிட எந்த வழிகாட்டி ஆசிரியருக்கும் கை துடிக்கத்தான் செய்யும். ஏற்றுவதற்கு வசதியான இடம் அக மதிப்பெண்.

2014இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் படிக்கட்டு போய், சதவீதத்துக்கு நேர் விகிதமாகப் புள்ளி தரும் முறை வந்தது. அப்போது வேறொரு நோவு தெரிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் மேல்நிலைத் தேர்வு எழுதியவரின் மதிப்பெண்ணும், தாராளமாக மதிப்பெண் விழுந்த பிற்காலத்தில் எழுதியவரின் மதிப்பெண்ணும் ஒரே தராசில் ஏறின. மூத்தவர்கள் குமுறியதில் நியாயம் இருந்தது. 2018இல் வெயிட்டேஜையே கைவிட்டுத் தனிப் போட்டித் தேர்வு என்றார்கள். அழுத்தம் போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை.

எழுத்துத் தேர்வாவது பரவுகிறதே என்று அதையும் கண்மூடி நம்பிவிட வேண்டாம். டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும், 1929இல் இந்தியக் கல்வி பற்றி அறிக்கை தந்த குழுவின் தலைவருமான பிலிப் ஹார்டாக், ஊர் திரும்பிய பின் 1930களில் இங்கிலாந்தில் ஒரு சோதனை நடத்தினார். முன்பு ஒரே நடுத்தர மதிப்பெண் வாங்கிய 15 வரலாற்று விடைத்தாள்களை 15 தேர்வாளர்கள் திருத்தினார்கள். விழுந்தவை 21 முதல் 70 வரை 40 வெவ்வேறு மதிப்பெண்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து அவர்களில் 14 பேரிடம் அதே தாள்களைத் திரும்பக் கொடுத்தார்கள். 210 முடிவுகளில் 92 இடத்தில், தோல்வியா, தேர்ச்சியா, சிறப்புத் தேர்ச்சியா என்ற தங்கள் தீர்ப்பையே அவர்கள் மாற்றியிருந்தார்கள். பி.எட். வகுப்பில் ‘மதிப்பீடு’ பாடம் எடுக்கும் எல்லோருக்கும் இதுபோன்ற சேதி தெரியும். தேர்வுக்குக் கேள்வியாகவும் கேட்கிறோம்.

இனி பயிற்சி மதிப்பெண் உருவாகும் இடத்துக்கு வருவோம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் (என்.சி.டி.இ.) 2014ஆம் ஆண்டு விதிகளின்படி ஈராண்டுப் படிப்பில் 20 வாரப் பள்ளி அனுபவம்: முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. 90 சதவீத வருகை கட்டாயம். நாள்கள் தாராளமாகவே இருக்கின்றன. ஆனால் மதிப்பெண் பள்ளியில் விழுவதில்லை, ரெக்கார்டில் விழுகிறது. செய்முறைத் தேர்வுக் குழு வரும் நாளில் மேசைமேல் அடுக்கியிருப்பவை: பாடக்குறிப்பு, நுண்ணிலைக் கற்பித்தல், உற்றுநோக்கல், தனியாள் ஆய்வு, அடைவுத் தேர்வு என்று அட்டை போட்ட நோட்டுகள், பக்கத்தில் சார்ட்டுகள், தெர்மகோல் மாதிரிகள். குழுவுக்குக் கிடைக்கும் நேரத்தில் கையெழுத்தையும் படத்தையும் பக்க எண்ணிக்கையையும் பார்க்கலாம். சார்ட்டுக்குப் பின்னால் நின்றவர் 7ஆம் வகுப்பிடம் என்ன பேசினார் என்பதைப் பார்க்க முடியாது.

ஒரு சிறு குழுவுக்குச் சில நிமிடம் பாடம் நடத்தி ஒரே ஒரு திறனைப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலே நல்ல உதாரணம். ஒரு சுற்றுக்கு 36 நிமிடம்: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. 25 பேருக்கு ஒரு திறனை ஒரே ஆசிரியர் வரிசையாகப் பார்த்தால் 15 மணி நேரம்; ஐந்து திறன் என்றால் 75 மணி. கால அட்டவணையில் அவ்வளவு இடம் கிடையாது. அதனால் முதல் 6 நிமிடம் மட்டும் நடக்கிறது. மறுகற்பித்தல் தாள் விடுதி அறையில் எழுதப்படுகிறது. ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இருக்க வேண்டியதில்லை, கடிகாரமே இப்படிச் செய்துவிடுகிறது. ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஐந்து குழுவும் ஒரே நேரத்தில் நடத்தி, சக மாணவர்களே பார்வையாளர்களாக அமர்ந்தால் ஒரு திறன் 3 மணி நேரத்தில் முடியும். அதற்கு மதிப்பெண் வேண்டாம். அது பழகும் இடம். பழகும்போதும் எண் போட்டால் பின்னூட்டம் யாருக்கும் காதில் விழாது.

பள்ளியில் நிரப்பும் பார்வைப் படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். ஆயத்தம், வினா கேட்டல், கரும்பலகை, குரல், வகுப்பு மேலாண்மை என்று பத்துப் பதினைந்து வரி. எதிரே 1 முதல் 5 வரை கட்டங்கள். நிரப்பிய படிவங்களில் 4ஆம் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோடாக டிக் ஓடும். ஒருவரைப் பற்றிய மொத்த அபிப்பிராயம் எல்லா வரிக்கும் கசிவதை உளவியலாளர் தார்ண்டைக் 1920இலேயே எழுதிவிட்டார். குற்றம் ஆசிரியரிடம் மட்டும் இல்லை. ‘வினா கேட்டல் – 4’ என்றால் என்ன என்று படிவம் எங்கும் சொல்வதில்லை.

சொல்ல முடியும். வினா கேட்டலுக்கு இப்படி வைக்கலாம். கேட்டவரே பதிலையும் சொல்லிவிட்டால் 1. "புரிஞ்சுதா?" என்றதும் வகுப்பே ஒரே குரலில் "புரிஞ்சுது சார்" என்றால் 2. ஒருவரைப் பெயர் சொல்லிக் கேட்டு, புத்தக வரியைப் பதிலாகப் பெற்றால் 3. கேள்வியை வகுப்புக்கே போட்டு, குறைந்தது 3 நொடி காத்திருந்து, பிறகு ஒருவரைச் சுட்டி, தவறான பதில் வந்தால் அதைப் பிடித்து அடுத்த கேள்வி கேட்டால் 4. ஒரு மாணவரின் பதிலுக்கு இன்னொரு மாணவர் பதில் சொல்லும்படி நடத்தினால் 5.

டிக் போடும் இடத்தின் பக்கத்தில், வகுப்பில் கேட்ட ஒரு வரியை எழுதியே ஆக வேண்டும் என்று விதி வையுங்கள். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டச் சொன்னதற்கு ஒரு பையன் ஐந்தில் இரண்டு என்கிறான். "தப்பு, உட்காரு, அடுத்து யாரு?" என்று போனால் அந்த வரியே 2க்கோ 3க்கோ சாட்சி. "அரையைவிட ஐந்தில் இரண்டு பெரிசா சின்னதா? அரையோடு இன்னொரு பின்னத்தைக் கூட்டினால் குறையுமா?" என்று கேட்டிருந்தால் 4க்குச் சாட்சி. இப்படி ஒரு வரி இருந்தால் நேர்க்கோட்டு டிக் தானாக நின்றுவிடும். மறுபரிசீலனைக்கும் கையில் ஏதோ இருக்கும்.

நேரம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். ஒரு பாடத்தை நடத்தும் முறையைக் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் 25 பேர்; ஒருவருக்கு மூன்று முழு வகுப்பு, வகுப்புக்கு 45 நிமிடம். மொத்தம் 56 மணி 15 நிமிடம். 16 வாரத்தில் வாரத்துக்கு மூன்றரை மணி நேரம். பயணத்தைச் சேர்த்தாலும், பள்ளிகளை ஒரே வட்டாரத்துக்குள் ஒதுக்கினால் முடியக்கூடியதுதான். மூன்றில் ஒரு வகுப்பைப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரும் உடனிருந்து தனியாக மதிப்பிட வேண்டும். இரண்டு பேரும் அன்றே, பேசிக்கொள்ளும் முன் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். எந்த வரியிலாவது ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால், எழுதிய சாட்சி வரிகளை வைத்துக்கொண்டு பேசித் தீர்க்கட்டும்.

எச்சரிக்கை ஒன்று. மதிப்பெண் பரவவில்லையே என்று தேர்வுப் பிரிவில் உட்கார்ந்து கணினியில் நீட்டிவிடாதீர்கள். 88–94ஐ 50–95ஆக நீட்டினால், கையெழுத்து வித்தியாசம்தான் பெரிதாகி நிற்கும். குவிந்திருக்கும் கல்லூரிக்குப் படிவங்களைத் திருப்பி அனுப்பி, சாட்சி வரிகளைக் கேளுங்கள்.

புள்ளி முறையையும் தொட்டுவிடுவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் பத்துப் புள்ளி அளவுகோலில் ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8 என்று இறங்கி, வெறும் தேர்ச்சியைக் குறிக்கும் பி (P) என்றால் 4. அதில் தவறில்லை. ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் சதவீதம் கேட்பார்கள். 8.0 புள்ளியைப் பத்தால் பெருக்கினால் 80, சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்குச் சொன்ன 9.5ஆல் பெருக்கினால் 76. பொறியியலில் புழங்கும் 0.75 கழித்துப் பத்தால் பெருக்கும் முறையில் 72.5. ஒரே மாணவருக்கு மூன்று சதவீதம். எந்த வாய்பாடு என்பதை மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் அச்சிட ஒரு வரி போதும்.

ஆகவே அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் பொருள்நிரலில் இவற்றைச் சேர்க்கக் கேட்கிறோம். சான்றிதழில் தியரிக்கும் கற்பித்தலுக்கும் பழையபடி தனித்தனித் தரம். கற்பித்தல் தரம், நேரில் பார்த்த மூன்று வகுப்புகளிலிருந்து மட்டும். ரெக்கார்டு நோட்டுக்கு ‘முடித்தார் / முடிக்கவில்லை’ என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு தரத்துக்கும் விளக்கம் எழுதிய பார்வைப் படிவம். கல்லூரியில் எத்தனை பேருக்கு எந்தத் தரம் கிடைத்தது என்ற அட்டவணை பட்டியலின் பின்பக்கத்தில். கடைசிக் கோரிக்கையைக் கல்லூரிகள் விரும்பமாட்டா, எங்கள் கல்லூரிகளும்தான். படிவத்தின் மாதிரியை எல்லா வரிகளுக்கும் எழுதித் தர எங்களால் முடியும். கேட்டால் இரண்டு வாரத்தில் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கற்பித்தல் பயிற்சியை மேற்பார்வையிடும் பி.எட். கல்லூரி ஆசிரியர் சிலர்